மதியம் இரண்டு மணிக்கு மெஷினைத் திறக்கலாம்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தை, அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 34. திருமணத்துக்கு முன் நான்கு ஆண்டுகள் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் வேலை பார்த்தவர். கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் பணியாற்றுகிறார்; ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மாமியார் சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உள்ளவர். ஒரு ஹால், ஓர் அறை, சமையலறை என்று வாடகை வீடு.

இவருக்குப் பிடித்தது ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது. குயில்ட் என்று இப்போது பலரும் சொல்லும் அந்த வேலைதான். பிள்ளைகளின் பழைய சட்டைகள், கணவரின் லுங்கி, கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் சேர்த்துவைத்த பிட்டுத் துணிகள் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக இணைத்து மகளுக்கு ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார். 30 கட்டங்களில் 11 முடிந்தன. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, இரவு 11 மணி முதல் 12.30 வரை தைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு முன் பாயில் கிடந்த ஊசி ஒன்று மாமியார் கையில் அகப்பட்டது. “பிள்ளை கால்ல ஏறியிருந்தா யார் பதில் சொல்றது? கிழிஞ்ச துணிய வீட்ல சேத்து வெச்சா தரித்திரம்தான் வரும். அந்த மெஷின வித்துட்டு ஒரு கட்டில் போடலாம்” என்று அவர் சத்தம் போட, கணவர், “தைக்கறதுன்னா பிளவுஸ் தையேன், காசாவது வரும்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றே வாசகி துணிகளை அரிசிச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். “சம்பாதிக்காத நான், பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் சேர வேண்டிய நேரத்தை இப்படிச் செலவழிப்பது சுயநலமா? நூல்கூட உரிமைத்தொகையில்தான் வாங்குகிறேன், அதுவே குற்றமாகத் தோன்றுகிறது. பிள்ளைகள் வளரும்வரை விட்டுவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பக்கத்தில், காலை 4.45 முதல் இரவு 12.30 வரை நீங்கள் செய்துவந்த வேலைகளை மணி வாரியாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் பிடிப்பது, சமையல், கணவருக்குச் சாப்பாடு கட்டுவது, மாமியாருக்கு மாத்திரை, துவைப்பது, மகனை அழைத்துவருவது என்று நீளும் அந்தப் பட்டியலின் நடுவே, 1.30 முதல் 3.15 வரை என்ற இடத்தில் “சும்மா” என்று ஒரே சொல்தான் இருக்கிறது. என் பதிலில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

அதற்கு முன், சுயநலமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சுயநலம் இல்லை. உங்களை ஆறுதல்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய பட்டியலில் எந்த வேலையும் விடுபடவில்லை; எந்தப் பிள்ளையும் பட்டினி கிடக்கவில்லை. போர்வைக்காக நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் உங்கள் தூக்கத்திலிருந்து எடுத்தது. குடும்பத்துக்குச் சேர வேண்டியதில் ஒரு நிமிடத்தைக்கூட நீங்கள் தொடவில்லை. திருத்த வேண்டிய தவறு இதில் இருக்குமானால், உங்கள் உடம்புக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டதுதான்.

“சம்பாதிக்காத நான்”

இந்தச் சொல்லை நீங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்பதால் அது வேலையே இல்லை என்றாகிவிடாது. நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை 2019-இல் கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் சராசரியாக ஒரு நாளில் 299 நிமிடங்களையும், அவ்வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குக் கொடுக்கிறார்கள் என்று அதில் தெரியவந்தது. அந்த 97 நிமிடங்கூட வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் கணக்குத்தான். அப்படிக் கை வைப்பவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் 299-ஐத் தாண்டி எங்கோ போய்விடுகிறது.

நீதிமன்றங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு கணவரைச் சம்பாதிக்க விட்ட மனைவிக்கு, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அது அந்த வழக்கின் சூழ்நிலைகளை வைத்துச் சொல்லப்பட்டது. எல்லா வீட்டுக்கும் தானாகப் பொருந்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் விடுமுறையே இல்லாத வேலை என்று இல்லத்தரசியின் வேலையை ஓர் உயர் நீதிமன்றம் எடைபோட்டிருக்கும்போது, அதை நீங்களே “சும்மா” என்று எழுத வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய அந்தத் தொகைக்கு உதவித்தொகை என்று பெயரிடாமல் உரிமைத்தொகை என்று பெயரிட்டதும் இதே காரணத்தால்தான். அதில் நூல்கண்டும் மெஷின் எண்ணெயும் வாங்குவதற்கு நீங்கள் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

மெஷின் யாருடையது

திருமணத்தின்போது உங்கள் அம்மா வாங்கிக் கொடுத்த மெஷின் என்று எழுதியிருக்கிறீர்கள். திருமணத்தை ஒட்டிப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுக்கும் பொருள் சட்டப்படி அவளுடைய தனிச்சொத்து. அதை வைத்துக்கொள்ளவும் விற்கவும் உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு. உங்கள் சம்மதமில்லாமல் கணவரோ மாமியாரோ விற்க முடியாது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேச்சை இதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு கட்டில் வேண்டும் என்ற பேச்சுக்குச் சட்டத்தைப் பதிலாகச் சொன்னால், மூட்டுவலிக்காரர் தரையில் படுத்து எழ முடியாமல் படும் அவதி அதில் மறைந்துபோகும். கட்டில் அவருக்கு உண்மையாகவே தேவைப்படலாம். மெஷினை மடக்கி, மேலே பலகை போட்டுச் சுவரோரம் நகர்த்தினால் கட்டிலுக்கு இடம் வருமா என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். இரண்டும் அந்த ஹாலில் அடங்கிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஊசியைப் பற்றி

இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மாமியார் சொன்னது முழுக்க சரி. ஆறு வயதுப் பிள்ளை ஓடியாடும் பாயில் ஊசி கிடக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் தைத்ததால்தான் அது தவறியது என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய வாரம் ஊசி உங்கள் கட்டைவிரலில் ஏறியதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவு 12.30-க்குப் படுத்து 4.45-க்கு எழுந்தால் நாலேகால் மணி நேரத் தூக்கம். வளர்ந்த மனிதருக்குக் குறைந்தது ஏழு மணி நேரமாவது வேண்டும். ஆகவே இரவுத் தையலுக்கு மீண்டும் திரும்பாதீர்கள். போர்வையைத் தொடரச் சொல்லும் நானே இந்த ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மற்றபடி, எத்தனை ஊசி, எத்தனை குண்டூசி வெளியே எடுத்தீர்கள் என்று எண்ணி, மூடும்போது அதே எண்ணிக்கையை எண்ணி வையுங்கள். நூல் கோக்காத ஊசியை ஒருபோதும் கீழே வைக்காதீர்கள். சிவப்பு நூல் ஒரு சாண் தொங்கினால் பாயிலும் தரையிலும் உடனே கண்ணில் படும். மூடி இறுக்கமான டப்பா ஒன்றில் சிறு காந்தத்தைப் போட்டு வைத்தால் குண்டூசிகள் சிதறாது. இந்த ஏற்பாட்டை மாமியாரிடம் காட்டி, “நீங்க சொன்னது சரிதான் அத்தை, இனிமே எண்ணித்தான் வைப்பேன்” என்று சொல்லுங்கள். அவர் பயந்தது உண்மை. அந்தப் பயத்துக்கு உங்களிடமிருந்து இன்னும் பதில் போகவில்லை.

கிழிந்த துணி தரித்திரம் என்று அவர் சொன்னதற்கு நீங்கள் மிகவும் மனம் வருந்தியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் அப்படிச் சொல்வது உண்டு. அதே வீடுகளில்தான் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட பாட்டியின் நூல் புடவையில் கிடத்துகிறோம். அந்தப் புடவையை நாலாய் மடித்துச் சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்டால் அதுவும் ஒரு போர்வைதான். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும், வட கர்நாடகத்தில் கௌதியும் இப்படிப் பிறந்தவையே. உங்கள் ஊரே துணியால் உண்டானதுதான். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய கோலெட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இவ்வளவையும் மாமியாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதில்லை. நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

மாமியாரிடம் அவருடைய பழைய புடவை ஒன்றைக் கேட்டுப் போர்வையில் சேர்த்தால் அவர் மனம் இளகும் என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அவசரப்படாதீர்கள். சண்டை ஆறும் முன் கேட்டால் அது தந்திரமாகத் தெரியும். அவராகவே வந்து உட்கார்ந்து துணியைத் தொட்டுப் பார்க்கும் நாள் வரட்டும்.

நேரம் எங்கே இருக்கிறது

வேலையெல்லாம் முடிந்த பிறகு தைக்கலாம் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். குடும்பத்தில் வேலை முடிவதே இல்லை; அதனால்தான் உங்கள் தையல் இரவு 11 மணிக்குத் தள்ளிப்போயிற்று. போர்வைக்கு மிச்ச நேரத்தைக் கொடுக்காமல், குறித்த நேரத்தைக் கொடுங்கள். மகன் காலை உணவைப் பள்ளியிலேயே சாப்பிடுகிறான். மதியச் சமையல் பத்து மணிக்குள் ஆகிவிடுகிறது. ஆகவே மதியம் 1.30 முதல் 3.15 வரை வீடு அமைதியாக இருக்கிறது. அது முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் படுத்து எழுந்து, 2 முதல் 2.45 வரை, வாரத்தில் நான்கு நாட்கள் மட்டும் மெஷினைத் திறங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கணவரின் ஷிப்டையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலை ஷிப்டில் அவர் மூன்று மணிக்கு மேல்தான் வருகிறார், மதிய ஷிப்டில் ஒரு மணிக்கே கிளம்பிவிடுகிறார். இரவு ஷிப்டு வாரத்தில் பகலில் ஹாலில் தூங்குவதால் மெஷின் சத்தம் ஆகாது. அந்த வாரத்தைக் கைவேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணியை இஸ்திரி போடுவது, அடுத்த கட்டங்களுக்கு வெட்டி, நிறம் பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கட்டாக நூலால் கட்டிவைப்பது எல்லாம் சத்தமில்லாத வேலைகள். அப்படி வெட்டி வைத்திருந்தால்தான் நீங்கள் சொன்னபடி முக்கால் மணி நேரத்தில் ஒரு கட்டம் முடியும். ஒவ்வொரு நாளும் சாக்கை அவிழ்த்துத் துணி தேடினால் அதிலேயே நேரம் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெஷின் ஓடும் இரண்டு வாரங்களில் 8 கட்டங்கள், அடுத்த வாரம் கைவேலை, மீண்டும் 8 கட்டங்கள், மீண்டும் கைவேலை. மிச்சமிருக்கும் 19 கட்டங்களும் ஏழாவது வாரத்தில் முடிந்துவிடும். தைத்து முடித்த பிறகு 8 அங்குலம் வரும் கட்டங்கள் என்பதால், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு எட்டரை அங்குலத்தில் நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள். ஐந்துக்கு ஆறாக இணைத்தால் 40-க்கு 48 அங்குலம் வரும். பிறகு நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் துணியும் வைத்து மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடும் வேலை, முழுக்கக் கையால் செய்யக்கூடியது; அதற்கு இரவு ஷிப்டு வாரங்கள் பொருத்தமானவை.

இன்னொன்று. லுங்கித் துணியைச் சேர்க்கும் முன் தனியாக நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் போகும் துணி ஒன்று உள்ளே புகுந்துவிட்டால் முதல் துவைப்பிலேயே பக்கத்துக் கட்டங்கள் கறைபட்டுவிடும். அடைமழைக் காலத்தில் உங்கள் பகுதியில் துணி காய்வது பாடு என்பதால், நனைத்து அலச வேண்டியதை ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கம்பெனியில் இருந்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் அந்தச் சாக்கில் இருக்கும் துணியை நினைத்துச் சொல்கிறேன்.

கணவரிடம் எப்படிச் சொல்வது

கணவர் எதிர்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அதற்கான சான்று எனக்குத் தெரியவில்லை. பிளவுஸ் தைத்தால் காசு வரும் என்றுதான் சொல்லியிருக்கிறார். பகலில் தைக்க ஒரு நேரம் வேண்டும் என்று நீங்கள் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் தூங்கிய பிறகு மறைத்தே செய்திருக்கிறீர்கள். மறைத்துச் செய்யும் வேலை வீட்டாருக்குத் திருட்டு வேலையாகத்தான் தெரியும். (பேசவே பயமாக இருக்கிறது, கை ஓங்குகிறார் என்ற நிலை இருந்தால் என் பதில் வேறாக இருக்கும், அப்போது 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் இல்லை.)

அனுமதி கேட்கும் குரலும் வேண்டாம், சண்டைக் குரலும் வேண்டாம். காலை ஷிப்டு வாரத்தில், மாலையில் டீ குடிக்கும் நேரத்தில், “மதியம் ரெண்டுலருந்து முக்கா மணி நேரம் தைக்கப் போறேங்க, வாரத்துல நாலு நாள். ராத்திரி இனிமே தைக்க மாட்டேன். காலை ஷிப்டு வாரத்துல தம்பிய ஸ்கூல்லருந்து நீங்க கூட்டிட்டு வந்துடுங்க” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் செய்ய வேண்டியது இன்னதென்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும். வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றதும் மகளிடம் பாத்திரத்தைக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். மகளுக்குக் கொடுக்கும் அளவு மகனுக்கும் கொடுங்கள். ஆறு வயதில் தன் தட்டைக் கழுவவும் துணி மடிக்கவும் முடியும்.

காசுக்குத் தைப்பதா என்ற கேள்வியை நிதானமாக யோசிக்க வேண்டும். மாதம் இரண்டு மூன்று பிளவுஸ் தைத்து நூலுக்கும் பஞ்சு விரிப்புக்கும் காசு சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் தீபாவளி, பொங்கல் நேரத்தில் அக்கம்பக்கத்தார் அவசரம் என்று கொண்டுவந்து குவிப்பார்கள். மறுக்க முடியாமல் மீண்டும் இரவு 11 மணிக்குப் போய்விடுவீர்கள். போர்வையை விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வேகத்தில் 30 கட்டங்களுக்கு 22 மணி நேரத்துக்கு மேல். இணைப்பது, கையால் ஓட்டுத்தையல் போடுவது, ஓரம் கட்டுவது எல்லாம் சேர்த்தால் 50 மணி நேரத்துக்குக் குறையாது. 2,000 ரூபாய்க்கு விற்றாலும் மணிக்கு 40 ரூபாய். அதிலும் பொருட்செலவைக் கழிக்க வேண்டும். வருமானம் தேவைப்பட்டால் வேறு தையல் வேலை இதைவிட அதிகம் தரும். காசு வந்தால்தான் வீட்டில் மதிப்பார்கள் என்ற எண்ணத்தில் மட்டும் இந்தப் போர்வையை விற்பனைப் பொருளாக்கிவிடாதீர்கள். முதல் போர்வை மகளுடையதாகவே இருக்கட்டும். மற்றதை அடுத்த ஆண்டு யோசிக்கலாம்.

பிள்ளைகள் வளரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது உங்களுக்கு 43. மாமியாருக்கு அப்போது இன்னும் அதிகக் கவனிப்பு தேவைப்படும், மகளின் படிப்பும் திருமணமும் வரும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஐம்பது வயதுப் பெண்கள் பலர், இப்போது நேரம் இருக்கிறது, என்ன பிடித்திருந்தது என்பதுதான் மறந்துபோயிற்று என்று சொல்லி அழுகிறார்கள். நீங்கள் அந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டாம்.

கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில், “சில நாள் காரணமில்லாமல் அழுகை வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் கவனித்தேன். தூக்கம் சரியானதும் அது குறையலாம். இரண்டு வாரம் நன்றாகத் தூங்கியும் குறையவில்லை என்றால், ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் உடனே பேசுங்கள்.

இந்த வாரம் கணவருக்கு இரவு ஷிப்டு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மெஷினைத் திறக்க வேண்டாம். சாக்கைப் பரணிலிருந்து இறக்கி, தைத்து முடித்த 11 கட்டங்களையும் மகள் பள்ளி விட்டு வந்ததும் அறையில் விரித்துக் காட்டுங்கள். பன்னிரண்டாவது கட்டத்துக்கு எந்தத் துணி என்று அவள் எடுத்துக் கொடுக்கட்டும்.